சஹனில் விழுந்த இடது கை

பாட்சாவின் மகள் சோயாவுக்கு நிக்காஹ் வைத்திருந்த அதே வாரத்தில் டென்மார்க்கிலிருந்து கிர்ஸ்டன் மேடம் பல்லாவரத்துக்கு வந்து இறங்கினாள். ஆண்டு 2007. பாட்சாவின் கம்பெனியில் தைக்கும் தோல் பைகளில் பாதிக்கு மேல் அவளுடைய கடைகளுக்குத்தான் போகும். அப்படிப்பட்டவளை ஊரில் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் இருக்க முடியாது. கூப்பிட்டால் அவளும் வராமல் இருக்கமாட்டாள்.

கிர்ஸ்டனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆறடி உயரம், அதற்கேற்ற சிரிப்பு. கம்பெனிக்குள் நுழைந்தால் வாட்ச்மேனில் தொடங்கி, தோல் வெட்டுகிறவர், டீ கொண்டுவருகிறவர் வரை அத்தனை பேர் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவாள். பாட்சா அந்நியப் பெண்களின் கையைத் தொடாதவர். அவரே இவளுக்கு மட்டும் கை நீட்டுவார். யாராவது கேட்டால், “அது கை இல்லப்பா, எக்ஸ்போர்ட்டு” என்பார்.

மேடத்தைக் கல்யாண மண்டபத்துக்கு அழைத்து வரும் பொறுப்பு ஜென்சியின் தலையில் விழுந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு வேண்டிய கடிதங்களை எழுதுவது, அவர்கள் வந்தால் கூடவே சுற்றுவது எல்லாம் கம்பெனியில் அவள் வேலை. இரண்டு நாள் முன்னதாகவே பாட்சா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“இங்க பாரும்மா. எங்க ஊர்ப் பக்கம் கல்யாணத்துல சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தட்டுல சோறு போட்டு நாலு பேர் சுத்தி உக்காந்து அதுலயே சாப்புடுவோம். மேடத்த மாப்பிள்ளையோட அம்மா சஹன்ல உக்கார வைக்கணும்னு என் ஒய்ஃப் ஆசப்படுது. ஸ்பூன் கேக்கக் கூடாது. அது கூடப் பரவாயில்ல. இடது கைய மட்டும் உள்ள விட்டுடக் கூடாது.”

“சொல்லிடறேன் சார்.”

“வெறும சொன்னா போதாது. காரணத்தோட சொல்லு. வெள்ளக்காரங்களுக்குக் காரணம் இல்லாம எதுவும் ஏறாது.”

“காரணம்னா… எப்படி சார் சொல்றது?”

பாட்சா சுழலும் ஃபேனை அண்ணாந்து பார்த்தார். “நீ இங்கிலீஷ் மீடியம் படிச்ச புள்ள” என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்துவிட்டார்.

இங்கிலீஷ் மீடியத்தில் எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை. ஜென்சியின் வீடு கிழக்கு தாம்பரத்தில். அம்மா ஞானசௌந்தரி பள்ளிக்கூட ஆசிரியை. அந்த வீட்டில் சூப்பை உறிஞ்சும் சத்தம் கேட்டால் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஜெபத்துக்குப் போல் கண்ணை மூடிக்கொள்வார். வயிறு சம்பந்தப்பட்ட எந்த வினைச்சொல்லும் வாசற்படி தாண்டி உள்ளே வந்தது கிடையாது. ஒருமுறை அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது, வாரம் முழுக்க அம்மா அதை “அவருக்குக் கொஞ்சம் அசௌகரியம்” என்றே சொல்லிவந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று நினைத்துக்கொண்டு விசேஷ ஜெபமே செய்துவிட்டார்கள். அப்பா வீட்டில் அசௌகரியத்தோடு உட்கார்ந்திருந்தார்.

அப்படி வளர்ந்தவள்தான் வெள்ளிக்கிழமை மதியம் கிர்ஸ்டனை மீனம்பாக்கத்து ஓட்டலிலிருந்து குவாலிஸில் ஏற்றிக்கொண்டு வந்தாள். வண்டியை ஓட்டியவர் கம்பெனி டிரைவர் தனசிங். பல்லாவரத்தில் அன்று சந்தை. பழைய இரும்புக் கட்டில், செடி, கோழிக்குஞ்சு, யாரோ கழற்றி விற்ற கம்ப்யூட்டர் என்று கடைகள் சாலைக்கே வந்துவிட்டிருந்தன. வண்டி நின்றது. இனி தள்ளிப்போட முடியாது என்று ஜென்சிக்குத் தெரிந்தது.

“மேடம், இன்று நாம் கையால் சாப்பிட வேண்டும்” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்.

“எனக்குத் தெரியும். வீட்டில் பழகிப் பார்த்தேன். என் நாய் மிகவும் சந்தோஷப்பட்டது” என்றாள் கிர்ஸ்டன்.

“ஒரே ஒரு விஷயம். இடது கை இருக்கிறதல்லவா…”

“இருக்கிறது.”

“அதை நாங்கள்… தனியாக வைத்திருப்போம்.”

“எதற்கு?”

“அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. காலையில்.”

கிர்ஸ்டன் ஆர்வத்தோடு திரும்பி உட்கார்ந்தாள். “தினமும் காலையிலா?”

“பெரும்பாலும் தினமும். சிலருக்கு மாறும்.” ஜென்சிக்குக் காது சூடானது. “தண்ணீரோடு செய்வது. ரொம்பவும் அந்தரங்கமானது. குடும்பத்துக்குள்ளே கூட அதைப் பற்றிப் பேசமாட்டோம்.”

“எல்லா மதத்தவரும் செய்வார்களா?”

“எல்லா மதத்தவரும்தான், மேடம்.”

முன் சீட்டிலிருந்து தனசிங் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆங்கிலம் பேச வராதே தவிர, மேட்டர் எதுவென்று அவருக்குப் புரிந்துவிட்டது. “இன்னாம்மா, இம்மா நேரம் சுத்திகினே கீற? லெஃப்ட்டு, டாய்லெட்டு. ரெண்டே வார்த்த. மேட்டர் ஓவரு.”

“தனசிங் அண்ணா, நீங்க ரோட்டப் பாருங்க.”

“ரோடு எங்க கீது பாக்கறதுக்கு?”

“அவர் என்ன சொல்கிறார்?” என்று கேட்டாள் கிர்ஸ்டன்.

“டிராஃபிக் அதிகம் என்கிறார்.”

கிர்ஸ்டன் யோசனையோடு வெளியே பார்த்தாள். விடியற்காலையில் ஆற்றில் இடுப்பளவு நின்று, கையால் தண்ணீரை அள்ளி விடும் மனிதர்களை ஒரு பயணப் புத்தகத்தில் படமாகப் பார்த்திருந்தாள். “அப்படியென்றால், அது ஒரு புனிதமான கை” என்றாள் மெதுவாக.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இல்லை என்று சொன்னால் பின்னே என்ன என்று கேட்பாள். ஜென்சியின் தலை தானாகவே ஆடியது. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில், நம் ஊர்த் தலை ஆடுமே, அப்படி. டென்மார்க்கில் அதற்கு ஆமாம் என்று பொருள்.

“அழகாக இருக்கிறது” என்றாள் கிர்ஸ்டன், தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு.

ஒரு பெரிய பாரத்தை இறக்கிவைத்த நிம்மதியில் ஜென்சி சாய்ந்து உட்கார்ந்தாள்.

மண்டப வாசலில் பாட்சாவும் அவர் மனைவி சித்திகாவும் நின்றிருந்தார்கள். கிர்ஸ்டன் பாட்சாவின் கையைக் குலுக்கினாள், சித்திகாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினாள். பன்னீர்ச் செம்போடு நின்ற பெண்ணின் கையையும் விடவில்லை. பெண்கள் பகுதி மாடியில் இருந்தது. மேலே போனதும், வெள்ளைக்காரம்மா கை கொடுக்கிறாங்க என்று பேச்சுப் பரவி, அக்காள் தங்கைகள், மாமிமார், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வரிசையில் நின்றுவிட்டார்கள். கிர்ஸ்டன் ஒருவர் விடாமல் குலுக்கினாள்.

வரிசையில் நிற்காமல், இருந்த இடத்திலேயே கையை நீட்டி வாங்கிக்கொண்டவர் ஒருவர்தான். மாப்பிள்ளை உஸாமாவின் அம்மா ஜுலைகா பீவி. கீழக்கரையிலிருந்து வந்திருந்த பெரிய இடத்துச் சம்பந்தி. கனத்த உடம்பு, முழங்கை வரை வளையல். காலையிலிருந்து சித்திகா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னாலேயே அலைந்தாள். ஏசி குளிருது என்றார். நிறுத்தினால் புழுங்குது என்றார். ரோஸ்மில்க்கைக் குடித்துவிட்டு, “இதுல பாலும் இல்ல, ரோசும் இல்ல” என்றார். பெண்ணை மட்டும் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அதையும் எப்போது சொல்வாரோ என்று சித்திகா காத்துக்கொண்டிருந்தாள்.

பாய் விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, சஹன்கள் வந்தன. பெரிய தட்டில் நெய்ச்சோறு மேடாகக் குவிந்திருக்க, அதன் தலையில் ஆட்டுக்கறி. சுற்றிலும் கிண்ணங்களில் தால்சா, கத்திரிக்காய், தயிர்வெங்காயம், பிரெட் அல்வா. ஜுலைகா பீவியின் சஹனில் சித்திகா, கிர்ஸ்டன், ஜென்சி. ஆறடி உயரத்தை மடித்துத் தரையில் வைக்க கிர்ஸ்டனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முழங்கால்கள் எங்கே போவதென்று தெரியாமல் பக்கத்துச் சஹன் வரை போய்த் திரும்பின.

எல்லோரும் கை கழுவினார்கள். ஜுலைகா பீவி பிஸ்மில்லாஹ் சொன்னார்.

கிர்ஸ்டன் ஒரு கணம் கண்ணை மூடினாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மரியாதையாக வைத்துக்கொண்டாள். பிறகு இடது கையை நீட்டி, தன் பக்கத்து ஓரத்தில் கூட அல்ல, நட்ட நடுவில் இருந்த கறிக்குள் மணிக்கட்டு வரை விட்டாள். இருப்பதிலேயே நல்ல துண்டாகத் தேடி எடுத்து, அதை ஜுலைகா பீவிக்கு முன்னால் சோற்றின் மேல் வைத்து, தலை வணங்கினாள்.

சத்தம் நின்றுபோவது எப்படி இருக்கும் என்று ஜென்சி அன்று பார்த்தாள். முதலில் பக்கத்துச் சஹன் நின்றது. பிறகு அதற்குப் பக்கத்துச் சஹன். கடைசியில் மாடி முழுக்க மின்விசிறி மட்டும் ஓடியது. பாதிச் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜுலைகா பீவி சோற்றிலிருந்து கையை எடுத்தார். “சம்பந்தி.”

“சொல்லுங்க” என்றாள் சித்திகா.

“ஒங்க வீட்டுல சம்பந்திக்குக் கறி எடுத்து வைக்கிற ஒழுங்கு இதுதானா? இல்ல, எனக்குன்னு தனியா ஏற்பாடா?”

“அல்லா மேல சத்தியமா இல்ல…” சித்திகாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. திரும்பி, “ஜென்சி! நீ சொன்னியா இல்லியா?” என்று சீறினாள்.

“சொன்னேன் ஆன்ட்டி. கொஞ்சம் டீசண்ட்டா சொன்னேன்.”

“டீசண்ட்டா சொன்னியா? டீசண்ட்டா சொல்றதுக்கு அதுல என்னடி இருக்கு?”

ஏதோ கெட்டுப்போனது என்று கிர்ஸ்டனுக்கும் புரிந்துவிட்டது. கை சோற்றுக்கு மேலேயே நின்றிருக்க, “நான் ஏதாவது தவறு செய்தேனா? நீ சொன்ன அந்தக் கையைத்தானே பயன்படுத்தினேன்? புனிதமான கையை?” என்று கேட்டாள்.

“என்ன சொல்றா?” என்றார் ஜுலைகா பீவி.

ஜென்சி பாயைப் பார்த்தபடி சொன்னாள். “இடது கை புனிதமானதுன்னு நினைச்சுட்டாங்க. மரியாதைக்காகத்தான் அந்தக் கையில…”

“எது புனிதம்?”

“காலையில… தண்ணியோட… அந்தரங்கமா… அப்படின்னு நான்தான் சொன்னேன்.”

ஜுலைகா பீவி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நீ வாயை மூடு புள்ள. நீ பேசப் பேச என் மகன் கல்யாணம் எங்கயோ போயிட்டிருக்கு. நான் சொல்றேன்.”

பக்கத்தில் கை கழுவ வைத்திருந்த செம்பை எடுத்தார். பட்டுப்புடவையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு, இருவர் தோளைப் பிடித்து எழுந்து, பாயின் ஓரத்தில் பாதி குந்தினார். வலது கையில் செம்பைப் பின்னால் கொண்டுபோய்ச் சாய்த்தார். இடது கையையும் பின்னால் கொண்டுபோனார். வாயாலேயே “சளக், சளக்” என்றார். முகத்தை அந்த வேளைக்குரிய முகமாக வைத்துக்கொண்டார். சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாதென்று இன்னொரு முறை “சளக்” என்றார். பிறகு அந்த இடது கையை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டி, சஹனைக் காட்டி, “நோ!” என்றார்.

கிர்ஸ்டனின் முகம் முதலில் குழம்பியது. பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தது. தெளிந்ததும் சிவந்தது. தன் கையைப் பார்த்தாள். ஜுலைகா பீவியின் முன்னால் இருந்த கறித்துண்டைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து டேனிஷ் மொழியில் ஒரு வார்த்தை வந்தது. அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஜன்னல் ஓரத்திலிருந்து ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவளை அடக்கப் போனவளும் சிரித்தாள். ஆனால் ஜுலைகா பீவி சிரிக்கவில்லை. அதனால் சித்திகாவுக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை.

கிர்ஸ்டன் படபடவென்று ஜென்சியிடம் பேசினாள். “இவரிடம் சொல், எனக்கு உண்மையாகவே தெரியாது. என் கை அந்த மாதிரி வேலையே செய்ததில்லை. எங்கள் நாட்டில் நாங்கள் தண்ணீர் பயன்படுத்துவதில்லை.”

ஜென்சி சித்திகாவைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். தப்பிக்க வழியில்லை. “அவங்க ஊர்ல… கக்கூஸ்ல தண்ணி கிடையாதாம்” என்றாள். இருபத்தாறு வருடத்தில் அந்தச் சொல்லை அவள் வாய் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் ஒன்றும் இடிந்து விழவில்லை.

“தண்ணி கிடையாதா?” ஜுலைகா பீவி செம்பைக் கீழே வைத்தார். “பின்ன?”

“பேப்பர்.”

“பேப்பரா!” மாடியே ஒரு குரலாக மூச்சை இழுத்தது. ஒரு கிழவி, “யா அல்லா, நியூஸ் பேப்பரா?” என்றாள்.

“இல்ல, அதுக்குன்னு இருக்கு. ரோல் மாதிரி.”

“வெறும் பேப்பரு? கழுவறதே இல்ல?”

“இல்லையாம்.”

ஜுலைகா பீவி திரும்பவும் வந்து உட்கார்ந்தார். இப்போது கோபத்தைவிட ஆராய்ச்சி அதிகமாகிவிட்டது. கிர்ஸ்டன் பக்கம் குனிந்து கேட்டார்: “சரி. எந்தக் கையில?”

ஜென்சி மொழிபெயர்த்தாள். தெளிவாகவே மொழிபெயர்த்தாள்.

கிர்ஸ்டன் இதுவரை யோசித்துப் பார்க்காத விஷயம். காற்றில் இருக்கும் ஒரு பேப்பர் உருளையிலிருந்து கிழித்து, மடித்து, கை போகிற போக்கில் போகவிட்டாள். நேர்மையான பெண். கை எங்கே போய் நின்றதோ அதைத் தூக்கிக் காட்டினாள்.

வலது கை.

எல்லோருடைய பார்வையும் அந்தக் கையில் போய் நின்றது. பிறகு ஒவ்வொருத்தியும் மெதுவாகத் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள். அரை மணி நேரம் முன்பு வரிசையில் நின்று ஆசையாகக் கொடுத்த கை. பன்னீர் தெளித்த பெண் எழுந்து ஒன்றும் தெரியாதவள் போலக் குழாய் பக்கம் நடந்தாள். அவள் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் போனார்கள். குழாயடியில் மறுபடி ஒரு வரிசை உருவானது.

ஜுலைகா பீவி மோதிரங்கள் நிறைந்த தன் கையைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. பிறகு வளையல்கள் அத்தனையும் சேர்ந்து குலுங்கின. தலையில் போட்டிருந்த முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, மூச்சு முட்ட முட்டச் சிரித்தார். அவர் சிரித்ததும் மாடி இடிந்து விழுந்தாற்போல் அனைவரும் சிரித்தார்கள். சித்திகாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கீழே ஆண்கள் பகுதியிலிருந்து யாரோ, “மேல என்ன?” என்று குரல் கொடுத்தார்கள்.

“ஏன் சிரிக்கிறார்கள்?” என்றாள் கிர்ஸ்டன்.

“எல்லோரும் உங்களுக்குக் கை கொடுத்தார்கள், மேடம். இப்போது கழுவப் போகிறார்கள்.”

கிர்ஸ்டன் ஒரு கணம் அசந்துபோனாள். பிறகு அவளும் சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்புக்கு மண்டபத்துக் கண்ணாடிகள் தாங்கியது பெரிய விஷயம். “அவர்களிடம் சொல்,” என்றாள் மூச்சு வாங்கி, “மூன்று பேரோடு ஒரே தட்டில் கைவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன் என்று தெரிந்தால் என் அம்மா மயங்கி விழுந்துவிடுவார். எங்கள் வீட்டில் வெண்ணெய்க்குத் தனிக் கத்தி. அண்ணன் கத்தி அதில் பட்டால் கூட அன்றைக்குச் சண்டைதான்.”

ஜென்சி சொன்னாள். “பாவம், அண்ணன் தங்கச்சியா இருந்துமா?” என்று பெண்கள் இரக்கப்பட்டார்கள்.

ஜுலைகா பீவி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “சரி, இப்ப இவ எப்படிச் சாப்புடுவா? இடது கையால தின்னா நம்ம கண்ணுக்கு ஒப்பாது. வலது கையால தின்னலாம்னா, விஷயம் தெரிஞ்சுபோச்சு, மனசுக்கு ஒப்பாது.”

“ஸ்பூன் கொண்டாரச் சொல்லட்டுமா?” என்றாள் சித்திகா.

“ஸ்பூனை மட்டும் எந்தக் கையில புடிப்பா?”

எழப் போன சித்திகா திரும்ப உட்கார்ந்தாள்.

“வேற சஹன் கொண்டாரச் சொல்லுங்க” என்றார் ஜுலைகா பீவி.

“அப்ப இது? இவ்வளவு கறி…” சித்திகா இழுத்தாள்.

“கொட்டுறது பாவம். கீழ அனுப்புங்க. ஆம்பளைங்க எதப் பாத்துத் தின்னிருக்காங்க? அதோட, அவளோட அந்தக் கை சுத்தமான கைதான்னு இப்பத்தான முடிவாச்சு.”

சஹன் கீழே போனது. புதுச் சஹன் வந்தது. ஜுலைகா பீவி போய்க் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, தன் பக்கத்திலிருந்து நெய்ச்சோற்றை எடுத்து, கறியைப் பிய்த்து, தால்சாவில் பிசைந்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டினார். கிர்ஸ்டனின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“ஆ காட்டு.”

இதை ஜென்சி மொழிபெயர்க்கும் முன்பே கிர்ஸ்டன் வாயைத் திறந்தாள். இரண்டு கைகளையும் மடியில் கட்டிக்கொண்டு, கண்ணை அகல விழித்துக்கொண்டு மென்றாள். விழுங்கியதும் அடுத்த உருண்டை தயாராக இருந்தது. “எவ்வளவு பெரிய உடம்பு, பேப்பர வச்சே காலத்த ஓட்டியிருக்கு” என்று சொல்லிக்கொண்டே ஊட்டினார் ஜுலைகா பீவி. அவர் ஊட்டியதைப் பார்த்து சித்திகாவும் ஒரு வாய் ஊட்டினாள். குழாயடியிலிருந்து திரும்பியவர்கள் ஆளுக்கு ஒரு வாய் ஊட்டினார்கள். கிர்ஸ்டன் போதும் என்று கையைக் காட்டியபோது, கையைக் காட்டாதே என்று அதட்டினார்கள்.

கடைசியில் நெய் வடியும் உதட்டோடு அவள், “எங்கள் ஊரில் சாப்பிட்டு முடித்ததும் சமைத்தவருக்கு நன்றி சொல்வோம். யாருக்குச் சொல்ல வேண்டும்?” என்று கேட்டாள். சமைத்த பண்டாரி பின்கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் லுங்கியோடு தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி நன்றி சொன்னாள். அவர் பயந்துபோய், உப்பு கூடிவிட்டதா என்று கேட்டார்.

ஜென்சி கீழே இறங்கி வந்தபோது படியருகே பாட்சா பிடித்துக்கொண்டார். பல்குத்திக்கொண்டு திருப்தியாக இருந்தார். “என்னம்மா, மேல அப்படி ஒரு சிரிப்பு? சம்பந்தியம்மா முகத்தக் கோணலயே?”

“இல்ல சார். ரொம்ப சந்தோஷமா இருக்காங்க. பொண்ணு நல்ல பொண்ணுன்னு கூடச் சொல்லிட்டாங்க.”

“மேடம் ஒழுங்கா சாப்பிட்டாங்களா?”

ஜென்சி நடந்ததைச் சொன்னாள். கீழே வந்த சஹனை மட்டும் விட்டுவிட்டாள். சுற்றி வளைக்கவில்லை, பேப்பர் என்றாள், வலது கை என்றாள். பாட்சாவின் பல்குச்சி பாதியில் நின்றது. எட்டு வருடக் கணக்கு அவர் முகத்தில் ஓடியது. ஒவ்வொரு ஆர்டருக்கும் வரும்போது ஒரு குலுக்கல், போகும்போது ஒரு குலுக்கல்.

“குலுக்கிட்டு நான் பிஸ்கட் வேற தின்னிருக்கேம்மா” என்றார் ஈனக் குரலில்.

கிர்ஸ்டன் விடைபெற வந்தாள். பாட்சா வலது கையை அவசரமாக நெஞ்சில் வைத்து, “சலாம் மேடம்” என்றார். கிர்ஸ்டன் அவரைப் பார்த்தாள், ஜென்சியைப் பார்த்தாள், தானும் கையை நெஞ்சில் வைத்தாள். “சலாம், பாட்சா.” பிறகு குறும்பாக, “இன்று சாப்பாடு எப்படி?” என்று கேட்டாள்.

“ஃபர்ஸ்ட் கிளாஸ் மேடம்! ரெண்டாவதா ஒரு சஹன் வந்துச்சு பாருங்க, அதுல கறி அப்படியே பஞ்சு!” இதை அவர் தமிழில் சொன்னார். ஜென்சி, “பிடித்திருந்ததாம்” என்று மட்டும் மொழிபெயர்த்தாள்.

வெளியே சந்தை இன்னும் கலையவில்லை. குவாலிஸ் ஒரு பழைய பீரோ வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. கிர்ஸ்டன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சீட்டில் சரிந்தாள். வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

“ஜென்சி, மூன்று வருடமாக எனக்குக் கடிதம் எழுதுவது நீதானே?”

“ஆமாம் மேடம்.”

“இந்தக் கை விஷயம் மாதிரி வேறு எதையாவது எனக்கு நாசூக்காகச் சொல்லியிருக்கிறாயா?”

ஜென்சியின் தலை ஆடப் பார்த்தது. அவள் அதை நிறுத்தினாள். “போன வருடம் ‘தோலின் இயற்கையான நிறவேறுபாடு’ என்று எழுதியிருந்தேன், மேடம்.”

“ஞாபகம் இருக்கிறது. அதை விளம்பரத்திலேயே போட்டோம்.”

“அது மழையில் நனைந்த தோல். மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டு எடுக்க மறந்துவிட்டார்கள்.”

கிர்ஸ்டன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். “‘சரக்கு புறப்படும் நிலையை நெருங்கிக்கொண்டிருக்கிறது’?”

“தைக்கவே ஆரம்பித்திருக்க மாட்டார்கள்.”

“எப்போதுமா?”

“பெரும்பாலும், மேடம்.”

பீரோ வண்டி ஓரடி நகர்ந்தது. தனசிங்கும் ஓரடி நகர்த்தினார். கிர்ஸ்டன் பெருமூச்சு விட்டாள். “என்னிடமும் ஒன்று இருக்கிறது. அந்த மஞ்சள் பையின் மாதிரி ஒன்று அனுப்பினீர்களே, அதற்கு நான் என்ன பதில் எழுதினேன்?”

“‘வெரி இன்ட்ரஸ்டிங்’ என்று எழுதினீர்கள். பாட்சா சாருக்கு ஒரே குஷி. நூறு பை தைத்து கோடவுனில் வைத்திருக்கிறார்.”

“ஐயோ” என்று தன் மொழியில் சொல்லி முகத்தை மூடிக்கொண்டாள் கிர்ஸ்டன். “இன்ட்ரஸ்டிங் என்றால் எனக்குக் கண்கொண்டு பார்க்கச் சகிக்கவில்லை என்று அர்த்தம்.”

இருவரும் கொஞ்ச நேரம் அந்த நூறு மஞ்சள் பைகளை நினைத்துக்கொண்டார்கள்.

“அதை நான் எடுத்துக்கொள்கிறேன்,” என்றாள் கிர்ஸ்டன். “வீணாக வேண்டாம். ஆனால் இனிமேல் மஞ்சள் கூடாது. இதை அவருக்குப் புரிகிற மாதிரி நீ எழுதிக் கொடு. அப்படியே எழுது. டீசண்ட்டாக எழுதாதே.”

அந்த ஒரு தமிழ்நாட்டு ஆங்கில வார்த்தையை அவள் மாடியிலேயே கற்றுக்கொண்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் ஜென்சி எழுதினாள். ‘மஞ்சள் பை மேடத்துக்குப் பிடிக்கவில்லை. இந்த நூறோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார். இனி தைக்கத் தொடங்காத சரக்கைத் தைக்கத் தொடங்கவில்லை என்றே சொல்ல வேண்டுமாம்.’ அச்செடுத்து பாட்சாவின் மேஜையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பாட்சா அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தார். முகம் வெளிறியிருந்தது. ஜென்சியின் பக்கத்தில் நின்று, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்தார்.

“ஏம்மா, மேடத்துக்கும் நமக்கும் ஏதாவது சண்டையா?”